அளவு நோட்டில் பெயரில்லாத ஒரு பக்கம்

எங்கள் கடையில் அளவு எடுக்கும் விதம் வேறு. மற்றக் கடைகளில் நாடாவைச் சுற்றிப் பிடித்துவிட்டு, தெருவில் போகிறவருக்கும் கேட்கும்படி எண்ணைக் கூவுவார்கள். எங்கள் கடையில் சத்தமே இருக்காது. அளவு எடுப்பவள் எண் வரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி, நாடாவை என் பக்கம் திருப்புவாள். நான் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். நடுவில் நிற்கிற பெண்ணுக்கு எண் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டோம்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாடிக்கையாக வரும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. "என் இடுப்பு எவ்வளவுன்னு சொல்லேண்டி, செத்தா போயிடுவே?" என்று கெஞ்சினாலும் திட்டினாலும் அவள் வாய் திறக்க மாட்டாள். "சட்டை சரியா வரும், போங்க" என்பாள். சட்டையும் சரியாக வரும்.

கடை ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஜன்னல் ஓரமாக நாலு தையல் மெஷின். நடுவில் துணி வெட்டும் மேஜை. மூலையில் ஒரு திரை, அதற்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கும் பூட்டு ஒரு துணி தைத்து மாட்டியிருக்கிறாள். புது உடுப்பைப் போட்டு முடித்த பிறகுதான் துணியை விலக்குவாள். நான் அங்கே ஓரம் அடிப்பவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எண்களை முத்து முத்தாக எழுதுவேன் என்பதால் அளவு நோட்டும் என் பொறுப்பு. காஜா எடுப்பது, பட்டனும் கொக்கியும் வைப்பது இன்னொரு அக்கா. அவளைக் கொக்கி என்றே கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளுக்குத் தன் வாயைப் பற்றித் தெரியும்.

பூட்டு ஏன் எண்ணைச் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் டீ நேரத்தில் அவளே சொன்னாள். பதினாறு வயதில் அவளுக்கும் சாப்பாட்டுக்கும் சண்டை தொடங்கியதாம். நாள் கணக்கில் சாப்பிடாமல் இருப்பது, பிறகு யாரும் இல்லாதபோது கண்மண் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அழுவது, மறுபடி பட்டினி. பதினாலு வருஷம் இப்படி. தலையில் ஓயாமல் எண்களே ஓடுமாம். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு எடை, நேற்று எவ்வளவு, நாளை எவ்வளவு.

நான் சாமிக்கு விரதம் இருக்கிறவள். எனக்கு அது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "நானும் வாரத்துல ஒரு நாள் சாப்பிடறதில்லையேம்மா" என்றேன்.

"உங்க விரதம் சாயங்காலம் முடிஞ்சிரும்க்கா. என்னோடது முடியவே முடியாது" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி விளையாட்டாகப் பேசியதில்லை.

அவளைக் குணமாக்கியது ஒரு மனநல டாக்டரம்மாவும், பொறுமைசாலியான அவள் வீட்டுக்காரரும், இரண்டு வருஷ வைத்தியமும். டாக்டரம்மா கொடுத்த சட்டம் சின்னது. மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை சிற்றுண்டி. "பசிக்குதான்னு உன்னையே கேக்காதே, உன் பசி இப்போ பொய் சொல்லும். மணி என்னன்னு கேளு." வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கக் கூடாது, சாப்பாட்டை அளக்கக் கூடாது, எழுதி வைக்கக் கூடாது. பூட்டு அந்த எடை மெஷினைப் பழைய சாமான் எடுப்பவரிடம் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாள். அதன் பிறகு ஒன்பது வருஷம். பதினொரு மணி ஆனால் யார் துணி மேஜையில் இருந்தாலும் கத்தரியைக் கீழே வைப்பாள். டீயும் இரண்டு ரொட்டித் துண்டும் அவளுக்கு வேலையை விடப் பெரிது. முதலாளியம்மாவே அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட மாட்டார்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு ஊசி குத்திய விரல் பத்து நாளாகியும் ஆறவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை நோய்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். "இதுக்கு முன்னாடி வேற ஏதாவது வியாதி உண்டா?" என்று கேட்டாராம். இவள் "இல்ல சார்" என்றுவிட்டாள். அது தலைக்குப் பார்த்த வைத்தியம், இது ரத்தத்துக்குப் பார்க்கிற வைத்தியம், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெக்கமாவும் இருந்துச்சுக்கா" என்றாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார். எதை எத்தனை கப், எத்தனை கிராம், எது கூடாது, எல்லாம் கட்டம் கட்டமாக. அளந்து சாப்பிடுங்கள், எழுதி வையுங்கள், உடம்பைக் குறையுங்கள்.

அந்தத் தாள் அவள் கையில் இருந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். "அளக்கறது உனக்கு என்னம்மா புதுசா? ஊரையே அளக்கறவ நீ" என்றேன். அதோடு நிற்கவில்லை. அவள் மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் கண்ணாடி டப்பாவை வாங்கி, தாளில் உள்ளபடி சோறு எதுவரைக்கும் வரவேண்டும் என்று பார்த்து, துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸால் டப்பாவின் வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டேன். அடியிலிருந்து என் மூன்று விரல் உயரம். அவள் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். கழுவினால் அழிந்துவிடும் கோடு அது. தினம் காலையில் அவளே மறுபடி போட்டுக்கொண்டு வந்தாள்.

தையல்காரிகளுக்கு மட்டும்தான் இப்படி ஒரு புத்தி வரும். நல்லது செய்கிறேன் என்று நினைத்து, ஒன்பது வருஷமாக அவள் கையில் இல்லாத அளவுகோலை நானே எடுத்துக் கொடுத்தேன்.

முதல் மாதம் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் பாராட்டினார். கடைக்கு வருகிற பெண்கள், "என்ன பூட்டு, இளைச்சு அழகாயிட்டியே! எங்களுக்கும் ரகசியத்தைச் சொல்லேன்" என்றார்கள். அவள் எப்போதும்போல் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் மாதம் பதினொரு மணி டீயில் ரொட்டி ஒரு துண்டானது, பிறகு அதுவும் இல்லை. "தாள்ல இதைப் போடலக்கா" என்றாள். ஒரு மத்தியானம் அவள் கைகழுவப் போனபோது, டப்பாவின் மேல் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது விரல் கோட்டுக்கு மேலே நின்றது. அடுத்த வாரம் இரண்டாவது விரலில் பாதியும் மேலே நின்றது.

துணி வெட்டும்போது யாரும் கோட்டின் மேலேயே வெட்ட மாட்டோம். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் துணி விட்டுத்தான் வெட்டுவோம். உள்ளே மடிந்து கிடக்கும் அந்தத் துணிதான் நாளைக்கு உடம்பு கொஞ்சம் மாறினால் பிரித்துவிட உதவும். அதை எங்களுக்கு அடித்து அடித்துச் சொல்லித் தந்தவளே பூட்டுதான். அவள் சோற்றில் மட்டும் கோட்டுக்கு உள்ளே வெட்டிக்கொண்டே போனாள்.

"கோடு இறங்குதேம்மா" என்று கேட்டேன்.

"டாக்டரே நல்லா இருக்குன்னுட்டாரு. நீங்க எதுக்குப் பயப்படறீங்க?" என்றாள். குரலில் ஒரு கத்தி இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்காத குரல். திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தேன். கடவுளிடம் சொன்னேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு டீச்சரின் கவுன் வந்தது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்து டீச்சர், அடுத்த மாதம் கல்யாணம். வெள்ளைப் பட்டுத் துணி. பூட்டுதான் வெட்டினாள். போட்டுப் பார்க்க வந்த அன்று திரைக்குப் பின்னால் கொக்கி பின்புறத்து ஜிப்பை இழுக்கிறாள், இழுக்கிறாள், பாதிக்கு மேல் ஏறவில்லை. டீச்சரின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"நான்தான் குண்டாயிட்டேன் போல" என்றாள் டீச்சர். கண்ணில் தண்ணீர். "பரவால்லக்கா, விடுங்க. இன்னிக்கிலேர்ந்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடறேன். கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்."

நான் நோட்டைப் புரட்டினேன். என் எழுத்து சரியாக இருந்தது. கொக்கி கவுனின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் விடவேண்டிய துணியே இல்லை. கோட்டின் மேலேயே கத்தரி போயிருந்தது. அதுவும் சில இடங்களில் கோட்டுக்கு உள்ளே.

பூட்டு அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், உங்க உடம்புல ஒண்ணும் தப்பில்ல. நான் துணி விடாம வெட்டிட்டேன். தப்பு என்னோடது. நீங்க ராத்திரி சாப்பிடணும். சாப்பிடுவேன்னு எனக்கு வாக்குக் கொடுங்க."

டீச்சர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு உடை மாற்றிக்கொண்டு போனாள். அவள் படி இறங்கும் சத்தம் நின்றதும் பூட்டின் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. மேஜையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் மாத்திரை போட்டிருக்கிறாள், அதற்கு மேல் எதுவும் உள்ளே போகவில்லை. சர்க்கரை கீழே இறங்கிவிட்டது.

நான் ஓடிப்போய்க் கீழே மருந்துக்கடையில் பழச்சாறு வாங்கிவந்து வாயருகே வைத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது தாள்ல இல்லக்கா."

கொக்கிதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "ஏண்டி, மயங்கி விழணும்னு தாள்ல எழுதியிருக்கா? எந்தக் கட்டத்துல? எடு அந்தத் தாளை, நானும் படிச்சுப் பாக்கறேன்!"

அந்த நிலையிலும் பூட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வாயில் நான் ஊற்றிவிட்டேன். முழுவதும் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, அது திரும்பி வந்திருச்சு."

எது என்று நான் கேட்கவில்லை.

"டீச்சர் ராத்திரி சாப்பிட மாட்டேன்னு சொன்னப்ப, என் வாயால நானே பேசற மாதிரி இருந்துச்சு. என் கையால வெட்டின துணியால ஒரு பொண்ணு பட்டினி கிடக்கப் போறா. நாளைக்கு நான் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். நீங்க கூட வரணும்."

நான் அவளைப் பற்றி எழுத நினைத்ததே இந்த வார்த்தைகளுக்காகத்தான். யாரும் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தானே சொன்னாள்.

மறுநாள் காலையில் அவள், அவள் வீட்டுக்காரர், நான் மூன்று பேரும் போனோம். அவர் பஸ் ஓட்டுநர். வேலைக்குப் போகாமல் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ரொம்ப நல்லா இருக்கேம்மா, அப்படியே தொடருங்க" என்றார்.

"அப்படியே தொடர்ந்தா நான் செத்துருவேன் சார்" என்றாள் பூட்டு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவள் பதினாறு வயதிலிருந்து தொடங்கினாள். அழவில்லை, வேகமாகவும் சொல்லவில்லை. துணியைப் பிரித்துக் காட்டுவதுபோல் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். நான் சாக்பீஸால் கோடு போட்டதை மட்டும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தும் அந்த டாக்டர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "இது எனக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கணும். நானும் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கணும்" என்றார். அச்சடித்த தாளை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுவிட்டார். பழைய டாக்டரம்மாவுக்கு அப்போதே போன் போட்டுப் பேசினார். மாத்திரையை மாற்றினார். சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற அம்மாவின் அறைக்கு எங்களை அனுப்பினார்.

அந்த அம்மாவுக்கும் ஒரு சிக்கல். சர்க்கரைக்கு அளவு பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இவள் கையில் அளவைக் கொடுக்கக் கூடாது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். வழி சொன்னவள் பூட்டுதான்.

"எங்க கடையில நான் நாடா பிடிப்பேன். அக்கா எழுதுவாங்க. நடுவுல நிக்கறவங்களுக்கு எண் தெரியாது. ஆனா சட்டை சரியா வரும். என்னை நடுவுல நிக்க வைக்க முடியுமாம்மா?"

அந்த அம்மா நெற்றியிலிருந்து கையை எடுத்தார். "முடியும்" என்றார்.

அப்படித்தான் ஏற்பாடானது. வீட்டில் தட்டில் போடுவது வீட்டுக்காரர். அவருக்கு மட்டும் எவ்வளவு என்று தெரியும். விரலில் ரத்தம் எடுத்து மெஷினில் பார்ப்பதும் அவரே. சரி, சரியில்லை என்ற இரண்டு வார்த்தைதான் அவள் காதுக்கு வரும். எந்தச் சாப்பாட்டுக்கும் தடை இல்லை, எந்த வேளையையும் விடக் கூடாது, ஐந்து வேளையும் மணிப்படி. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போது எண்ணுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். அந்த எண்ணும், வீட்டுக்காரர் எழுதித் தரும் எண்களும் என் நோட்டில் ஏறும். பழைய டாக்டரம்மாவிடம் மாதம் இரண்டு தடவை போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: தட்டில் மிச்சம் வைத்தால், மறுநாளுக்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

சொன்னவுடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். முதல் வாரம் வீட்டுக்காரருக்குக் கை பழகவில்லை. ஒரு நாள் கொஞ்சமாகப் போடுவார், மறுநாள் பயந்துபோய்க் குவித்துவிடுவார். "பஸ்ஸுல ஆள் ஏத்தற மாதிரியே ஏத்தறாருக்கா. உள்ள போங்க, உள்ள போங்கன்னு" என்று பூட்டு சிரித்தாள். அவரும் என்னிடம் தனியாக வந்து, "அக்கா, ஸ்டியரிங் பிடிக்கறப்பகூட இவ்வளவு பயமில்ல" என்றார். சில மத்தியானங்களில் கோடு இல்லாத அந்தக் கண்ணாடி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கரண்டியைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருப்பாள். நானும் என் டப்பாவைத் திறந்துகொண்டு எதிரில் உட்காருவேன். கொக்கி தன் நாத்தனாரைத் திட்டித் தீர்ப்பாள். அந்தக் கதை முடிவதற்குள் பூட்டின் டப்பா காலியாகியிருக்கும். கொக்கிக்கு நல்லவேளையாக நாத்தனார்கள் மூன்று பேர்.

ஒரு திங்கட்கிழமை காலையில் படியேறி வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நேத்து பாதி மிச்சம் வச்சேன்" என்றாள். "சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் போய்க் கத்தரியை எடுத்தாள். அப்படி ஏழெட்டுக் காலைகள் வந்தன. ஒவ்வொரு காலையும் அந்த வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறி வருவது எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பேன். ஒரு முறைகூட ஒளித்ததில்லை. நான் என் பிரார்த்தனையில்கூட அவ்வளவு உண்மையாக இருந்ததில்லை.

டீச்சரின் கவுனுக்கு இரண்டு பக்கமும் அதே பட்டில் ஒரு துண்டு சேர்த்து, மேலே பூ வேலை செய்து, ஒட்டு தெரியாமல் பூட்டு முடித்துக் கொடுத்தாள். உள்ளே இரண்டு விரல் துணி விட்டிருந்தாள். திரைக்குப் பின்னால் ஜிப் சர்ரென்று ஏறியதும் டீச்சர், "நான் ராத்திரி சாப்பிட்டேன்க்கா, ஒரு நாள்கூட விடல" என்றாள். "தெரியுது" என்றாள் பூட்டு. பிறகுதான் கண்ணாடியின் துணியை விலக்கினாள்.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை, பட்டினி கிடந்த நாட்களில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. டாக்டர், "இது சாப்பிடற மனுஷியோட சர்க்கரை. இதை மாத்திரையால பார்த்துக்கலாம். அதுதான் என் வேலை" என்றார். எடை மெஷினில் பூட்டு சுவரைப் பார்த்து நின்றாள். அன்றைக்கு நர்ஸ் புதுசு. எண்ணைப் பார்த்ததும், "அட, போன தடவைக்கு இப்ப..." என்று ஆரம்பித்தாள். நான் சட்டென்று என் விரலைத் தூக்கி உதட்டின் மேல் வைத்தேன். அந்தப் பெண் நல்லவள், புரிந்துகொண்டு நிறுத்திவிட்டாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பூட்டின் தோள் ஒரு நொடி இறுகியதைப் பார்த்தேன். திரும்பி அந்த எண்ணைப் பார்க்க அவளுக்கு ஒரு நொடி போதும். அவள் திரும்பவில்லை. மெஷினிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, மணி என்ன?"

"பதினொண்ணு."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ரொட்டித் துண்டையும் சாப்பிட்டாள்.

அந்த எண்கள் உள்ள பக்கம் கடை நோட்டின் கடைசியில் இருக்கிறது. மேலே பெயர் எழுதவில்லை. பூட்டு அந்த நோட்டைத் தினமும் பத்து தடவை எடுப்பவள். அதனால் ஒரு நாள், "இந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சு வீட்டுல வச்சுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் மேஜையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"இருக்கட்டும்க்கா. எல்லார் அளவும் இருக்கற இடத்துலயே என்னோடதும் இருக்கட்டும்."

பிறகு நீலக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் விட்டுக் கத்தரியை ஓட்டினாள்.